அறிக்கையில் இல்லாத நாலு பக்கம்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து கௌசல்யா போன் செய்தாள். நான் ரிட்டயர் ஆன பிறகு வேலைக்குச் சேர்ந்த பெண். "மேடம், இந்த வருசம் ஒரு புது முறை கொண்டு வாரோம். பேட்டி எடுக்க நம்ம ஆளுங்க போகாம, ஊர் ஜனங்களுக்கே பயிற்சி குடுத்து அவங்களையே எடுக்க வைக்கப் போறோம். அதுக்கு நீங்க உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது எழுதிக் குடுக்கணும்" என்றாள்.

புது முறையாம்! எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். "ஏம்மா, ஆபீஸ் பீரோவுல கீழ்த்தட்டு நெறைய கேசட் கெடக்குமே, அதெல்லாம் யாரு எடுத்த பேட்டின்னு நெனச்ச?" என்று கேட்டேன். "அதையெல்லாம் ஸ்டோர் ரூமுக்கு மாத்திட்டோம் மேடம்" என்று ரொம்பப் பணிவாகச் சொன்னாள். அதற்கு மேல் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம். அதைவிட்டு மற்றதை எழுதினால் வெறும் அளப்பாகத்தான் இருக்கும்.

நான் சேர்ந்தது டைப்பிஸ்டாக. புதுக்கோட்டையில் கீழே மருந்துக்கடை, மாடியில் எங்கள் ஆய்வு மையம். ரெண்டு அறை, ஒரு மொட்டை மாடி, அவ்வளவுதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், குடிதண்ணீர் என்று பொது விஷயங்களில் ஜனங்களுக்கு நிஜமாக என்ன நடக்கிறது என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவது எங்கள் வேலை. ஊரில் எத்தனை குழாய் இருக்கிறது என்று எண்ண வேறு ஆபீஸ்கள் உண்டு. அந்தக் குழாயடியில் என்ன நடக்கிறது என்று கேட்கத்தான் நாங்கள். களத்துக்குப் போனவர்கள் பதிவு செய்துகொண்டு வரும் கேசட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி டைப் அடிக்க வேண்டும். 'ம்' என்றால் 'ம்'. இருமினால் இருமல். நடுவில் கோழி கத்தினால் அதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இந்த மாவட்டத்தில் நான் முகம் பார்க்காமல் குரல் மட்டும் தெரிந்த மனிதர்கள் எத்தனையோ பேர். எனக்கு 'கேசட்டக்கா' என்றே பேர் ஆகிப்போனது. சாந்தி என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்காத காலம் ஒன்று உண்டு.

எங்களுக்குத் தலைமை வசுந்தரா மேடம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கையில் எப்போதும் ஒரு பென்சில். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராக இருந்தாலும் வாங்க, போங்கதான். தப்புச் செய்தால் திட்ட மாட்டார். நாம் எழுதிய தாளை நம் முன்னாலேயே வைத்து, "இத ஒரு தடவ சத்தமா வாசிங்க" என்பார். வாசிக்க வாசிக்க நம் அசட்டுத்தனம் நம் காதிலேயே வந்து விழும். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். நான் எத்தனையோ தடவை பாதியில் நிறுத்தி, "புரிஞ்சிருச்சு மேடம், விடுங்க" என்று கெஞ்சியிருக்கிறேன். "முழுசா வாசிச்சிருங்க" என்பார், அவ்வளவுதான்.

ஊர்க்காரர்களையே பேட்டி எடுக்க வைக்கலாம் என்று அவர் முடிவு செய்ததற்குக் காரணம் நாங்கள்தான். எம்.ஏ. படித்த எங்கள் பையன்கள் பேன்ட் சட்டை போட்டுக் கையில் ஃபைலோடு இறங்கினால், ஜனங்கள் ஏதோ பெரிய ஆபீசர் வந்திருக்கிறார் என்று மனு எழுதிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். எதைக் கேட்டாலும் "ஒரு குறையும் இல்லீங்க, இந்த ரேஷன் கார்டு மட்டும்தான்" என்பார்கள். எல்லாக் கேசட்டிலும் ஒரே பாட்டு. குடிதண்ணீர் ஆய்வு தொடங்கியபோது மேடம் சொன்னார்: "நமக்குப் பதில் சொல்லமாட்டாங்க சாந்தி. அவங்கள்ல ஒருத்தருக்குச் சொல்லுவாங்க."

ஆள் எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். படிப்பு என்ன, வயது என்ன என்றெல்லாம் மேடம் கேட்கவில்லை. வந்தவர்களை ஒவ்வொருவராகப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது, திரும்பி வந்து என்ன காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். பலர் வந்து, "ஒண்ணும் பேசலீங்க, அரசியல் பேசுனாங்க" என்றார்கள். விராலிமலையில் ஜாக்கெட் தைக்கும் ராசாத்தி மட்டும் வந்து மூச்சுவிடாமல் சொன்னாள்: டீ மாஸ்டருக்கு மாமியார் வீட்டில் மனத்தாங்கல், கீரனூர் பஸ் டிரைவருக்கு மூட்டுவலி, பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் மகளைப் பார்க்கப் போகிறவர், ஆனால் போக மனசில்லாமல் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டார். "மனசில்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மேடம் கேட்டார். "பை ரெண்டையும் கீழ வைக்காமயே ஒக்காந்திருந்தாருங்க. பஸ் வந்தா எந்திரிக்கல" என்றாள். மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அது அவருக்குப் பெரிய கைதட்டல்.

அப்படி எட்டுப் பேர் தேறினார்கள். மணமேல்குடிப் பக்கத்திலிருந்து வந்த மைதீன் பாய் அதில் ஒருவர். வளைகுடா நாட்டில் ரொம்ப வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர், வெள்ளைச் சட்டை, அத்தர் மணம், வாய் நிறையப் பேச்சு. டீக்கடையில் அவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது உண்மைதான். ஏனென்றால் கேட்டவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியும் மேடம் அவரை எடுத்துக்கொண்டார்.

பயிற்சி மூன்று நாள். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 'ஏன்' என்று கேட்காதே, 'எப்படி' என்று கேள்; ஏன் என்றால் மனுஷன் ஞாயம் பேச ஆரம்பித்துவிடுவான். பதில் வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாதே, ஒரு மூச்சு இழுத்து விடு; நிஜமான பதில் அதற்கப்புறம்தான் வரும். ரெக்கார்டரைச் சில்வர் தட்டின் மேல் வைக்காதே, கேசட்டக்காவுக்குக் காது போய்விடும். எல்லாவற்றுக்கும் முதலில் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். "இது ஆராய்ச்சிக்காகக் கேக்குறோம். நீங்க பேசுறதப் பதிவு பண்றோம். வேணாம்னு தோணுனா எப்ப வேணா நிறுத்திக்கலாம்." இந்த மூன்றும் கேசட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இல்லையென்றால் அந்தக் கேசட் செல்லாது.

சனிக்கிழமை சனிக்கிழமை எட்டுப் பேரும் கேசட்டோடு ஆபீசுக்கு வருவார்கள். அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் மனசு அங்கே ஓடிப் போய்விடுகிறது. மைதீன் பாய் வரும்போதே நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் வந்துவிடும். மேடம் சுத்த சைவம். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்து வைப்பார். பாய் அதைப் பார்த்துவிட்டு, "மேடத்துக்குக் காத்து புடிக்கும் போல" என்று அடுத்த வாரம் இன்னொரு பொட்டலம் கொண்டு வருவார். ராசாத்தி என் ஜாக்கெட்டின் தோளைத் தட்டிப் பார்த்து, "எவ தச்சா இத? கைய வெட்டிருக்காளா இல்ல, கழுத்த வெட்டிருக்காளா?" என்பாள். எல்லாரும் தரையில் உட்கார்ந்து யாராவது ஒருவர் கேசட்டைக் கொஞ்ச நேரம் கேட்போம், கேட்டதைப் பற்றிப் பேசுவோம். படித்தவர், படிக்காதவர் என்ற கூச்சமெல்லாம் ரெண்டாவது சனிக்கிழமையே போய்விட்டது.

மைதீன் பாயின் முதல் கேசட்டை மறக்க முடியுமா? கடலோர ஊரில் ஒரு வயசான மீனவரிடம் எடுத்தது. பாய் நாற்பது நிமிஷம் பேசியிருந்தார், வளைகுடாவில் கடல் தண்ணீரை எப்படிக் குடிதண்ணீர் ஆக்குகிறார்கள் என்று. மீனவர் "ஆமா பாய்", "அப்படியா பாய்" என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் ஒன்றுவிடாமல் டைப் அடித்து மேடத்திடம் கொடுத்தேன், ரெண்டு பக்கத்துக்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் தாளைப் பாயிடம் நீட்டினார். "சத்தமா வாசிங்க." பாய் கம்பீரமாக ஆரம்பித்தார். மூணாவது பக்கத்தில் குரல் இறங்கியது. அஞ்சாவது பக்கத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! பேசுனது பூரா நாந்தானா? அந்த மனுசன் பாவம் எந்திரிச்சுப் போகக்கூட இல்லையே!" அன்றைக்கு மேடம் சிரித்ததைப் பார்த்தேன். பாய் அதற்கப்புறம் பேட்டிக்குப் போகும்போது வாயில் ஒரு கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு போனார். அவருடைய கடைசிக் கேசட்டுகளில் அவர் குரலைத் தேட வேண்டியிருக்கும்.

ராசாத்திக்குக் கிராம்பு தேவைப்படவில்லை. அவளுக்கு வேறொரு வித்தை இருந்தது. நம் பக்கத்தில் ரெண்டு பேர் சந்தித்தால் முதலில் முறை தேடுவார்கள், இல்லையா? எந்த ஊர், யார் வீடு, யாரைக் கட்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போய் எங்காவது ஒரு முடிச்சைப் பிடித்துவிடுவார்கள். அதில் ராசாத்தியை மிஞ்ச ஆளில்லை. அவள் கேசட்டெல்லாம் இப்படித்தான் தொடங்கும்.

"பொறந்தது எந்த ஊருங்க?"

"இலுப்பூருக்குப் பக்கம்."

"இலுப்பூர்ல எங்கிட்டு? ஊரணிக்கு அங்கிட்டா? அட, எங்கப்பாவப் பெத்தவுக ஊரு அதுதான! அப்ப நீங்க எங்கப்பாவுக்குத் தங்கச்சி முறையில்ல வாறீங்க!"

"அட, ஆமா!"

"அப்பறம் என்ன, எனக்கு அயித்தை!"

மூன்றே நிமிஷம். அதற்கப்புறம் அந்தப் பெண்கள் மனசைத் திறந்து கொட்டுவார்கள். எட்டுப் பேர் கேசட்டில் ராசாத்தியுடையதைத்தான் நான் முதலில் எடுத்துக் கேட்பேன். இப்படியொரு ஆளை எந்தக் காலேஜும் கொடுக்காது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் மூன்று வாக்கியத்தையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவாள். முதலில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு முறை தேடுவாள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை.

அந்த ஆய்வில் எட்டு ஊர். ஏழு ஊரில் ஒரே புலம்பல்: மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை, வேலைக்குப் போன பிறகு திறக்கிறார்கள், கடைசிக் குழாயில் காற்றுதான் வருகிறது. குளத்தூர் தாலுகாவில் ஒரே ஒரு ஊரில் மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. அதே மாதிரி தொட்டி, அதே மாதிரி மோட்டார். ஆனால் கடைசி வீட்டுப் பெண் வரைக்கும், "தண்ணிக்கென்னங்க, வந்துருது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு மண்டை காய்ந்தது. அப்போதுதான் அந்த ஊரிலிருந்து ராசாத்தியின் ஆறாவது கேசட் வந்தது.

பேசியவர் அந்த ஊர் டேங்க் ஆபரேட்டரின் மனைவி. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிடும் பஞ்சாயத்து வேலை அவர் கணவருக்கு. அவரைப் பாப்பாத்தி என்று சொல்கிறேன். நிறுத்தி நிறுத்தி அவர் சொன்னதை நான் டைப் அடித்தது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"அவருக்குச் சுகர்ல கண்ணு மங்கிப்போச்சு ஆயி. வால்வு எது, செவுரு எதுன்னு தெரியல. ரெண்டு வருசமா நாந்தேன் மோட்டார் போடுறேன். வெள்ளன எந்திரிச்சு, அவரு சட்டையப் போட்டுக்கிட்டு, துண்டத் தலையில கட்டிக்கிட்டுப் போவேன். தூரத்துல பாக்குறவங்களுக்கு அவருதேன் போறாருன்னு இருக்கட்டும். மொதல்ல வடக்குத் தெரு. அங்க எல்லாம் களையெடுக்கப் போற பொம்பளைக, ஏழு மணிக்கு வீட்டப் பூட்டிருவாளுக. அவரு தொறந்தப்ப மேலத்தெருவுக்குத்தேன் மொதல்ல. நான் மாத்திப்புட்டேன். தொறந்துட்டு அங்கனயே நிக்க மாட்டேன். கடைசிக் குழாய் மட்டும் நடந்து போய்ப் பாப்பேன். அங்க ஒரு குடம் நெறைஞ்சாத்தேன் அடுத்த தெரு."

"ஊர்ல தெரியாதா அயித்தை?"

"குழாய்க்கு வாற பொம்பளைகளுக்குத் தெரியும். ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. பஞ்சாயத்துல எழுத்தா போயிருச்சுன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. கேட்டுக்கிட்டே இருக்கான் ஒருத்தன். கண்ணு தெரியாத மனுசன வச்சுக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன், சொல்லு?"

நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். ஏழு ஊரின் கேள்விக்கு ஒரு பெண்மணி சட்டை மாட்டிக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்! அவருக்கிருந்த பயமும் அதே கேசட்டில்தான் இருந்தது. நான் அதையும் டைப் அடித்தேன். ஆனால் அடித்ததோடு சரி, அது மனசில் நிற்கவில்லை. அதற்குள் ஐந்தாறு வருஷ அனுபவத்தில் மேடம் என்னையே அறிக்கையின் சில பகுதிகளை எழுதச் சொல்லியிருந்தார். அந்த நாலு பக்கத்தை நான் எழுதினேன். பேர் இல்லை, ஊர் இல்லை. 'குளத்தூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில்' என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் சட்டையையும் துண்டையும் விட மனசு வரவில்லை. வாசிப்பவருக்கு அந்தக் காட்சி கண்ணில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேடமும் வாசித்துவிட்டு, "நல்லா வந்திருக்கு" என்றார்.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிக்கையும் மேலே அதிகாரிகளுக்குப் போகுமுன், பேசிய ஜனங்களைக் கூப்பிட்டு வைத்து வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும். ஊருக்கு ரெண்டு பேர் வீதம் புதுக்கோட்டைக்கு அழைத்தோம். அந்த ஊரிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்பதை ராசாத்தியிடம் விட்டிருந்தோம். அவள் தன் அயித்தையைக் கூப்பிடாமல் வேறு யாரைக் கூப்பிடுவாள்? துணைக்கு அந்த ஊர் வார்டு மெம்பர் அம்மா ஒருவரும் வந்தார்.

வாசித்தது நான்தான். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, மைக் வேறு. என் நாலு பக்கம் வந்ததும் குரலை இறக்கி ஏற்றி, ரேடியோ நாடகம் மாதிரி வாசித்தேன். 'கணவரின் சட்டையை அணிந்துகொண்டு' என்ற இடத்தில் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தேன், எப்படி ரசிக்கிறார்கள் என்று. மூன்றாவது வரிசையில் வார்டு மெம்பர் அம்மா மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் அதுவரை அவரைப் பார்த்தது கிடையாது. பார்த்த அந்த நொடியில், இதுதான் அந்தக் குரல் என்று தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே போனார். மீதியை ஓட்டமாக வாசித்துவிட்டு நானும் கீழே ஓடினேன்.

கீழே தெருவில் வேப்பமரத்தடியில் ராசாத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "ஆராய்ச்சிக்குன்னு சொல்லித்தான அயித்தை ஆரம்பிச்சேன்? பதிவு பண்றேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. இல்லங்கல" என்றார் பாப்பாத்தி. "அதுக்கப்பறம் எம் மருமக ஆயிட்டியே. மருமககிட்டத்தான சொன்னேன்? மைக்குல சொல்லச் சொல்லியா சொன்னேன்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் வாசிச்சவங்களா? ஒங்கள எனக்குத் தெரியாதேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இதற்குள் மேடமும், பின்னாலேயே வார்டு மெம்பர் அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். பஞ்சாயத்தில் உட்காருகிற ஆள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்த வேலை போய்விடும். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னமோ வாசிச்சாங்க. எனக்கு இந்தப் பக்கத்துக் காது மந்தம், ஒண்ணும் வெளங்கல" என்றார். பிறகு பாப்பாத்தியிடம், "வா, கீரனூர் பஸ் போயிறப் போவுது. நாளைக்குத் தண்ணி தொறக்க வேணாமா ஒம் புருசன்?" என்றார். மெம்பர் அம்மா வீடு கடைசிக் குழாய்க்கு எதிர்வீடு என்று ராசாத்தி பின்னால் சொன்னாள்.

மேடம் அவர்களை விடவில்லை. "அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம்மா. கொஞ்சம் உள்ள வாங்க" என்று பாப்பாத்தியைத் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார். அந்த நாலு பக்கத்தை என் கையில் கொடுத்து, "அவங்களுக்கு வாசிங்க. மெதுவா" என்றார். ரேடியோ நாடகமெல்லாம் போய்விட்டது. தட்டுத்தடுமாறி வாசித்தேன். பாப்பாத்தி கண்ணை மூடிக் கேட்டார். ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி, "மேலத்தெரு மூணாவது இல்ல, ரெண்டாவது" என்றார். எனக்கு உயிர் வந்தது. திருத்தம் சொல்கிறாரே, அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"கேக்க நல்லாத்தேன் இருக்கு" என்றார். "நாந்தேன் இம்புட்டும் பண்றேனான்னு எனக்கே இப்பத்தேன் தெரியுது. ஆனா எடுத்துருங்கம்மா."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "சட்டை, துண்டு எல்லாத்தையும் எடுத்துறேன்மா. பேரும் இல்ல, ஊரும் இல்ல. இத மட்டும் விட்டா எத்தனை ஊருக்கு நல்லது நடக்கும் தெரியுமா? எந்தத் தெருவுக்கு எப்பத் தொறக்கணும்னு அதிகாரிகளே இதப் படிச்சுத்தான் கத்துக்குவாங்க" என்று வக்கீல் மாதிரி பேசினேன்.

அவர் முழுக்கக் கேட்டார். "நடக்கட்டும். ஆனா இத்தன ஊருக்கும் நல்லது நடக்கறப்ப, எங்க ஊரு மோட்டார் ரூமு சாவி எவங்கிட்ட இருக்கும்?" என்று கேட்டார்.

"போதும் சாந்தி" என்றார் மேடம். நாலு பக்கத்தையும் எடுத்து, ராசாத்தியின் ஆறாவது கேசட்டையும் அதை நான் டைப் அடித்த தாள்களையும் பீரோவிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் பாப்பாத்தியின் கையில் கொடுத்தார். "வேற பிரதி இல்ல. இனிமே இது ஒங்களோடது. மன்னிச்சிருங்க" என்று கை கூப்பினார். மேடம் கை கூப்பி நான் பார்த்ததில்லை. பாப்பாத்தி கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாலு பக்கம் இருந்த இடத்தில் ஒரு வாக்கியம் போட வேண்டியிருந்தது. 'ஓர் ஊரில் மட்டும் குறைகள் பதிவாகவில்லை. காரணத்தை இந்த ஆய்வில் சொல்ல இயலவில்லை.' அதை என் கையால் டைப் அடித்தேன். அடித்துவிட்டு அழுதேன் என்றே சொல்லிவிடுகிறேன், வெட்கம் என்ன. பாதி அவமானம், பாதி ஆதங்கம். அதிகாரிகள் கூட்டத்தில் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அந்த ஒரு ஊர்ல மட்டும் ஏன்? அதுதானே முக்கியம்? அதையே விட்டுட்டீங்களே" என்று கேட்டார். "எங்களுக்கு அதச் சொல்ற நிலைமை இல்லைங்க சார்" என்றார் மேடம். "அப்ப இது அரைகுறை ஆராய்ச்சி" என்றார் அவர். மேடம் மறுக்கவில்லை. எனக்கு அந்த ஆளின் ஃபைலைப் பிடுங்கி வீச வேண்டும்போல் இருந்தது. அந்த அறிக்கையைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை ராசாத்தி வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மேடமும் நானும் விராலிமலைக்குப் பஸ் ஏறிப் போய் அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். "நான் இனிமே யாரையும் அயித்தைன்னு கூப்பிடமாட்டேன் மேடம்" என்று அழுதாள். "கூப்பிடுங்க. கூப்பிடாம இந்த ஊர்ல எப்படிப் பேசுவீங்க? தப்பு உங்களோடது இல்ல, எங்களோடது. மூணு வாக்கியம் பத்தல" என்றார் மேடம். அங்கேயே, துணி வெட்டிய துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, நாலாவது வாக்கியம் எழுதினோம். பேட்டி முடிந்து ரெக்கார்டரை அணைக்குமுன் சொல்ல வேண்டியது: "இப்ப நீங்க சொன்னதுல எதெல்லாம் எனக்கு மட்டும், எதெல்லாம் எல்லாருக்கும்?" அதுவும் போதாது என்று, முறை தேடிப் பேசிய வீட்டுக்கெல்லாம் ஒரு வாரம் கழித்து முறையில்லாத வேறொருவர் போய் அதையே திரும்பக் கேட்க வேண்டும் என்று வைத்தோம். ராசாத்தி போன வீடுகளுக்கு மைதீன் பாய் போவார். கிராம்போடுதான். இப்போது கௌசல்யா அனுப்பியிருக்கும் பயிற்சிக் கையேட்டில் இதெல்லாம் பெரிய பெரிய வார்த்தைகளில் இருக்கிறது. படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மேடம் இப்போது இல்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் யாரிடமும் கொடுக்காமல் கீரனூர் பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். ராசாத்தியும் வந்தாள், அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. பாப்பாத்தியின் கணவர் இறந்து ரொம்ப வருஷமாம். அவர் சாகிற வரைக்கும் அந்த வேலை அவர் பேரில்தான் இருந்திருக்கிறது. பிறகு வேறு ஆள் வந்து, இப்போது மோட்டாருக்கு ஏதோ தானியங்கிப் பெட்டி வைத்துவிட்டார்களாம். பாப்பாத்தி மகன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுரையை ஆரம்பத்திலிருந்து முழுக்க வாசித்தேன். கிராம்பு விஷயத்துக்கு வயிறு குலுங்கச் சிரித்தார். மேடம் கை கூப்பிய இடத்தில் சேலை முந்தானையை எடுத்துக்கொண்டார்.

"இதப் போடலாமா? வேணாம்னா இங்கயே கிழிச்சிறேன்" என்றேன்.

"போடுங்க. அது கெடக்கட்டும், பாப்பாத்தி யாரு?"

"நீங்கதான். ஒங்க பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு நான் வச்ச பேரு."

"எம் பேருக்கு என்ன கேடு?"

நாற்பது வருஷப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? ஊரில் படிப்பார்கள் என்றேன். படிக்கட்டும் என்றார். உங்கள் மகனுக்குச் சங்கடம் வரலாம் என்றேன். உள்ளேயிருந்து மகனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்டார். அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். வேண்டுமானால் ஒரு வாரம் கழித்து வேறு ஆளை அனுப்பித் திரும்பக் கேட்கிறேன் என்றேன்.

"எத்தன தடவ கேப்பீங்க? அன்னைக்கு வேலை போயிருமேன்னு பயம். இன்னைக்கு எவன் எதப் புடுங்குவான்? தண்ணி தொறந்தது நாந்தான? மேலத்தெருவ ரெண்டாவதா வச்சது நாந்தான? இவரு சம்சாரம், அவரு பொண்டாட்டின்னு சுத்தி வளைக்காதீங்க. நான் சொல்றத அப்படியே எழுதுங்க" என்றார். கேட்டதைக் கேட்டபடி எழுதித்தான் எனக்குப் பழக்கம். பேனாவை எடுத்தேன்.

"அழகம்மா. டேங்க் ஆபரேட்டர்."